உதிரிப் பாகங்களும் கூட்டுறவும்: சி.என்.சி. யந்திரம் தரும் வசதி

ஒரு தறி நின்றால் ஒரு குடும்பத்தின் கூலி நிற்கிறது. விதைப்புக் காலத்தில் விதைக் கருவி பழுதுபட்டால், அது சீராகும் வரையில் நிலத்தின் ஈரம் காத்திருப்பதில்லை. இவை நம் அங்கத்தினர்கள் அனுபவத்தில் அறிந்த விஷயங்கள். ஆயினும், நின்றுபோன யந்திரத்தை அருகில் சென்று பார்த்தால், பெரும்பாலும் பெரிய பாகம் எதுவும் ஒடிந்திருப்பதில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பல்சக்கரமோ, ஒரு புஷ்ஷோ, ஒரு முளையோ தேய்ந்திருக்கும். அதைச் செய்த கம்பெனி மூடப்பட்டிருக்கும். அல்லது அந்த மாதிரியைச் செய்வதை விட்டு வேறு மாதிரிக்குப் போயிருக்கும். கடைக்காரர், "அந்தச் சாமான் இப்போது வருவதில்லை" என்று கூறிவிடுவார். அத்துடன் நல்ல நிலையிலுள்ள ஒரு யந்திரம் பழைய இரும்பாகிவிடுகிறது.

கடையில் கிடைக்காத ஒரு பாகத்தை நமக்கு வேண்டிய அளவில், வேண்டிய உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்துகொள்ளும் வழி இப்போது நம் அண்டையிலுள்ள நகரங்களிலேயே இருக்கின்றது. சி.என்.சி. யந்திரம் என்று பட்டறைக்காரர்கள் சொல்வது அதையே. கம்ப்யூட்டர் நியூமெரிக்கல் கன்ட்ரோல் என்ற பெயரின் சுருக்கம் அது. கணினியின் எண் கட்டளைப்படி இயங்குவது என்று பொருள். இந்த யந்திரத்தால் நம் சங்கங்கள் எவ்வாறு பயன்பெறலாம், எவ்விடத்தில் பணத்தை இழக்க நேரிடும் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நெசவாள அங்கத்தினர்களுக்கு இந்த யந்திரத்தின் தத்துவத்தை விளக்குவது எளிது. ஏனெனில் அவர்கள் அதன் மூதாதையை வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். ஜக்கார்டு பெட்டியில் அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழைகிறது. அதன் கொக்கி மேலே செல்கிறது. அக்கொக்கியில் கட்டிய பாவு இழை எழும்புகிறது. துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்பட்டு, இழை கீழேயே நிற்கிறது. மாங்காயோ மயிலோ எந்தச் சித்திரமாயினும் அது அட்டையில் துளைகளாக எழுதப்பட்டிருக்கிறது. நெசவாளி மிதியை மிதிக்க, அட்டை கட்டளையிடுகிறது. பிரான்சு நாட்டின் லியான் நகரத்தில் ஜோசப் மேரி ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில் இந்த அமைப்பைச் செம்மை செய்தார். அதற்கு முன்னரே, 1725-ல், அதே நகரத்துப் பசீல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளைத் தறியில் உபயோகித்துப் பார்த்திருக்கிறார்.

இரும்பைக் கடையும் யந்திரத்துக்கும் துளையிட்ட காகிதம் கட்டளையிடலாம் என்ற எண்ணம் தோன்ற மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் விமானத்தின் சுழலும் இறக்கைகளைச் செய்துவந்தார். அவ்விறக்கையின் வளைவு சரியாக அமைய, வளைவின் மேல் பல புள்ளிகளை எடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் நீளம் இத்தனை, உயரம் இத்தனை என்று கணக்கிட வேண்டியிருந்தது. அக்கணக்கைத் துளை அட்டை யந்திரங்களில் போட்டுப் பார்த்த அவர், அவ்வெண்களே வெட்டும் யந்திரத்தை நேரே ஓட்டினால் என்ன என்று எண்ணினார். 1949-ல் அமெரிக்க விமானப் படை இதற்குப் பணம் உதவியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-ஆம் ஆண்டு செப்டம்பரில், துளையிட்ட காகித நாடாவின் கட்டளைப்படி தானே நகர்ந்து உலோகத்தை வெட்டும் மில்லிங் யந்திரத்தைப் பலரும் காண இயக்கிக் காட்டினர். பின்னர் காகித நாடா போய், அதனிடத்தில் கணினி வந்தது. தத்துவம் மட்டும் மாறவில்லை.

யந்திரத்தின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறுவோம். சாதாரணக் கடைசல் யந்திரத்தில் தொழிலாளி கைச்சக்கரத்தைச் சுழற்றி வெட்டுளியை முன்னும் பின்னும் நகர்த்துகிறார். அவர் கையும் கண்ணும் எவ்வளவு தேர்ந்தவையோ அவ்வளவுக்கே பாகமும் அமையும். சி.என்.சி. யந்திரத்தில் கைச்சக்கரத்தின் இடத்தில் மோட்டார்கள் உள்ளன. ஒவ்வொரு மோட்டாரும் ஒரு திருகுத் தண்டைச் சுழற்றி, மேடையை இடம் வலமாகவோ, முன் பின்னாகவோ, வெட்டுளியை மேல் கீழாகவோ நகர்த்துகிறது. எவ்வளவு நகர்ந்தது என்பதை ஓர் அளவுகோல் உறுப்பு உடனுக்குடன் கணினிக்குத் திருப்பிச் சொல்கிறது. குறைந்தால் கணினி திருத்துகிறது. கட்டளைகள் வரிவரியாக எழுதப்படுகின்றன. ஜி 00 என்றால் வெட்டாமல் விரைந்து செல்; ஜி 01 என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு செல்; ஜி 02 என்றால் கடிகார முள் திசையில் வளைந்து வெட்டு; எம் 08 என்றால் குளிர்விக்கும் திரவத்தைத் திற. இக்காலத்தில் இவ்வரிகளை எவரும் முழுவதும் கையால் எழுதுவதில்லை. கணினித் திரையில் பாகத்தின் உருவத்தை வரைந்தால், மற்றொரு மென்பொருள் அதிலிருந்து கட்டளை வரிகளைத் தயாரித்துக் கொடுத்துவிடுகிறது.

நம் நாட்டில் இதற்குப் பேர்பெற்ற இடங்களில் கோயம்புத்தூர் ஒன்று. அது தற்செயலாக ஏற்பட்டதன்று. அங்கே 1888-ல் முதல் நூற்பாலை எழுந்தது. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலை பெருகினால் பழுது பார்க்கும் பட்டறை பெருகும். பட்டறை பெருகினால் வார்ப்படச் சாலை பெருகும். கிணற்று நீரை இறைக்கப் பம்பு கேட்ட விவசாயிகளும் அதே பட்டறைகளையே நாடினர். 1937-ல் மின் மோட்டாரும் அங்கேயே செய்யப்பட்டது. 1962-ல் தொடங்கப்பட்டு நூற்பு யந்திரங்களுக்குப் புகழ்பெற்ற லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், பின்னாளில் சி.என்.சி. கடைசல் யந்திரங்களையும் செய்யத் தொடங்கியது. அஃதாவது, நெசவும் வேளாண்மையும் கேட்டதால் வளர்ந்த பட்டறைத் தொழில் அது. நெசவாளியும் விவசாயியும் அதன் வாயிலில் கூச்சத்துடன் நிற்க வேண்டியதில்லை. கணபதி, பீளமேடு, குறிச்சி ஆகிய பகுதிகளிலும், சென்னை அம்பத்தூரிலும், ஓசூரிலும் பிறர் வேலையைக் கூலிக்குச் செய்துகொடுக்கும் பட்டறைகள் பல உள்ளன.

இனி, செலவுக் கணக்கு. நம் சங்கங்கள் அறிய வேண்டியவற்றுள் இதுவே தலையானது என்று கருதுகிறோம்.

ஜக்கார்டு பெட்டியில் அட்டைகளைத் தாங்கும் நாற்சதுரச் சிலிண்டரின் முனையில் நான்கு முளைகளுடன் கூடிய ஒரு தலைப்பாகம் உண்டு. சிலிண்டர் வெளியே அசையும்போது ஒரு கொக்கி அம்முளையைப் பற்றிக் கால் சுற்றுத் திருப்பும். அடுத்த அட்டை முன்னே வரும். இத்தலைப்பாகத்தைப் புதிதாகச் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உருவத்தை வரைதல், கட்டளை நிரலைத் தயாரித்தல், வெட்டுளிகளைப் பொருத்துதல், பிடிப்பான் அமைத்தல், முதல் பாகத்தை வெட்டி அளந்து திருத்துதல் ஆகிய இவற்றுக்கு 4 மணி நேரம் ஆகிறது என்போம். அதன்பின் ஒவ்வொரு தலைப்பாகத்தையும் வெட்ட 12 நிமிஷம். பட்டறையின் கட்டணம் மணிக்கு 600 ரூபாய், அஃதாவது நிமிஷத்துக்கு 10 ரூபாய் என்று கணக்கிற்காகக் கொள்வோம். ஊருக்கு ஊர் இது வேறுபடும்.

ஒருவர் தனியே சென்று ஒரே ஒரு தலைப்பாகம் கேட்டால் 240 நிமிஷமும் 12 நிமிஷமும் சேர்ந்து 252 நிமிஷம். கூலி 2,520 ரூபாய். இருபது பேர் சேர்ந்து கேட்டால், 240-உடன் இருபது பன்னிரண்டு 240. மொத்தம் 480 நிமிஷம். ஆளுக்கு 240 ரூபாய். அறுபது பேர் சேர்ந்தால் ஆளுக்கு 160 ரூபாய். இருநூற்று நாற்பது பேர் சேர்ந்தால் 130 ரூபாய். உலோகத்தின் விலை தனி. ஒன்றிலிருந்து இருபதுக்குச் செல்லும்போது கூலி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது; அறுபதிலிருந்து இருநூற்று நாற்பதுக்குச் செல்லும்போதோ முப்பது ரூபாய்தான் குறைகிறது. ஆகவே மிகப் பெரிய சங்கமாக இருந்தால்தான் பயன் என்று எவரும் எண்ண வேண்டா. இருபது அங்கத்தினர் ஒரு தேவையில் ஒன்றுசேர்வதே போதுமானது.

இங்கு மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். முதல் முறை செலவிட்ட அந்த 4 மணி நேரத்தில் ஒரு பகுதி, அஃதாவது வரைதலும் நிரல் தயாரித்தலும், அடுத்த முறை தேவைப்படாது. பிடிப்பான் அமைத்து அளந்து திருத்துவதற்கு மட்டுமே நேரம் ஆகும். ஆனால் அந்த வரைபடமும் நிரலும் யாரிடம் இருக்கின்றன? பட்டறையிலேயே விட்டுவந்தால், அடுத்த முறை அதே பட்டறைக்குத்தான் செல்ல வேண்டியிருக்கும். அவர் சொன்ன விலைதான் விலை. ஆகையால் வேலை உத்தரவு எழுதும்போதே, "வரைபடம், கணினி உருவக் கோப்பு, கட்டளை நிரல் ஆகிய மூன்றும் சங்கத்தின் உடைமை, வேலை முடிந்ததும் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும்" என்று ஒரு வாசகம் சேர்ப்பது அவசியம். நிரலைத் தனியே விலை பேசியே தருவோம் என்று சில பட்டறையார் கூறுவர். அவ்விலையும் பெரும்பாலும் நியாயமானதாகவே இருக்கும். கொடுத்து வாங்கிக்கொள்வது நல்லது. நிரல் ஒவ்வொரு யந்திரத்துக்கும் சிறிது மாறக்கூடும் என்பதால், மூன்றனுள் உருவக் கோப்பையும் வரைபடத்தையும் மட்டும் எக்காரணங்கொண்டும் விட்டுவரலாகாது.

நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் நேர்ந்ததை இவ்விடத்தில் சொல்வது பொருந்தும். அச்சங்கத்து அங்கத்தினர்களிடம் ஒரே மாதிரியான ஜக்கார்டு பெட்டிகள் அறுபது இருந்தன. எல்லாம் பழையவை. சிலிண்டரின் தண்டு சுழலும் புஷ் தேய்ந்து, சிலிண்டர் ஆடியது. அட்டையின் துளை ஊசிக்கு நேரே நிற்காமல் விலகியது. பூ வேலையில் ஓர் இழை தப்பும், சேலை இரண்டாந்தரமாகும், கூலியில் பிடித்தம் விழும். நிர்வாகக் குழு கூடி, புதிய புஷ்கள் செய்துகொள்ளத் தீர்மானம் நிறைவேற்றியது. நல்ல தீர்மானமே. ஒரு பழைய புஷ்ஷைக் கழற்றி எடுத்துச் சென்று பட்டறையில் கொடுத்து, இதேபோல் வேண்டும் என்றார்கள். பட்டறையார் அதை நுட்பமாக அளந்தார், துளை 13.5 மில்லிமீட்டர் இருந்தது, 13.5 மில்லிமீட்டர் துளையுடன் அத்தனை புஷ்களையும் பிசகின்றிச் செய்து கொடுத்துவிட்டார். பொருத்திப் பார்த்தால் சிலிண்டர் முன்போலவே ஆடிற்று.

பட்டறையார் மீது பிழை கூற இடமில்லை. கேட்டதைக் கொடுத்தார். தேய்ந்த பாகத்தை அளந்தால் கிடைப்பது தேய்மானத்தின் அளவு, பாகத்தின் அளவன்று. யந்திரம் எவ்வளவு நுட்பமானதாயினும் அது அறிந்துகொள்ளக்கூடிய விஷயம் அல்ல இது.

பிறகு தொழிற்பயிற்சி நிலையத்து ஆசிரியர் ஒருவர் ஓய்வு நாளில் வந்து உதவினார். அவர் புஷ்ஷை விட்டுத் தண்டைப் பார்த்தார். தண்டில் புஷ் உராயாத பகுதி ஒன்று உண்டல்லவா? அங்கே மைக்ரோமீட்டரால் அளந்தபோது 12.7 மில்லிமீட்டர் இருந்தது. அதாவது சரியாக அரை அங்குலம். அப்பெட்டிகள் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை என்பது அப்போது வெளிப்பட்டது. உராயும் பகுதியில் தண்டும் தேய்ந்திருந்ததால், அறுபது பெட்டிகளின் தண்டுகளையும் ஒவ்வொன்றாக அளந்து ஒரு நோட்டில் எழுதினர். பெரும்பாலானவை இரண்டு தொகுதிகளுள் அடங்கின. இரண்டு அளவுகளில் புஷ்கள் செய்து, தண்டைவிடத் துளை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் பெரிதாக இருக்குமாறு வைத்தனர். மிகவும் தேய்ந்த சில தண்டுகளை மட்டும் மாற்றினர். அந்த நோட்டு இப்போதும் சங்க அலுவலகத்துப் பீரோவில் இருக்கிறது. சங்கம் செய்த செலவுகளுள் அதைவிட மலிவானதும் பயனுள்ளதும் வேறில்லை என்பது நம் அபிப்பிராயம்.

அங்குலக் கணக்கைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நம் நாடு மெட்ரிக் அளவுகளுக்கு மாறத் தொடங்கியது 1950-களின் இறுதியில். அதற்கு முற்பட்ட விசைத்தறிகளும், அவற்றைப் பார்த்துப் பின்னர் செய்யப்பட்டவைகளும் அங்குலத்திலேயே உள்ளன. (தச்சர்களும் பட்டறைக்காரர்களும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை இன்றும் ஒரு நூல் என்கிறார்கள். நெசவாளியின் நூல் அவர்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்ததோ!) பல்சக்கரங்களில் இது பெரிய தொல்லை. மெட்ரிக் பல்சக்கரத்தில் வெளிவிட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையுடன் இரண்டைக் கூட்டிய தொகையால் வகுத்தால் மாட்யூல் என்ற எண் கிடைக்கும். 40 பல், 84 மில்லிமீட்டர் விட்டம் என்றால், 84-ஐ 42-ஆல் வகுக்க மாட்யூல் 2. அதே 40 பல்லுடன் விட்டம் 88.9 மில்லிமீட்டர் வந்தால், வகுத்த விடை 2.117 ஆகிறது, இப்படிப்பட்ட பின்னம் வந்தாலே அது அங்குலச் சக்கரமென்று ஐயுற வேண்டும். 88.9 என்பது மூன்றரை அங்குலம். அதற்கு மாட்யூல் 2-இல் சக்கரம் வெட்டி மாட்டினால், பல்லும் பல்லும் கடித்துக்கொண்டு சில நாட்களில் இரண்டும் பாழாகும். பல்சக்கரம் வெட்டுவதற்கென்றே ஹாபிங் யந்திரங்கள் தனியே உள்ளன. சக்கரத்தின் உடலைச் சி.என்.சி.யில் கடைந்து, பற்களை ஹாபிங்கில் வெட்டுவது பொதுவாக மலிவாக முடியும்.

எந்தப் பொருளில் செய்வது? தேய்ந்தது இரும்பு, ஆகையால் புதியதும் இரும்பாகவே இருக்கட்டும் என்று எண்ணுவது வழக்கம். அது எப்போதும் சரியன்று. ஒன்றோடொன்று உராயும் இரு பாகங்களில், எது விலை குறைந்ததோ, எதை மாற்றுவது எளிதோ, அது தேயுமாறு செய்வதே புத்திசாலித்தனம். விசைத்தறியில் நாடாவை அடிக்கும் பிக்கர் முன்னாளில் எருமைத் தோலால் செய்யப்பட்டது அதனால்தான். பிளாஸ்டிக் வகைகளில் நைலான் உறுதியானது, ஆயினும் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும் இயல்புடையது. பாவுக்குப் பசை போடுமிடத்திலோ, நீர் இறைக்குமிடத்திலோ நைலான் புஷ் பொருத்தினால், கோடையில் சரியாகச் சுழன்றது மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும். டெல்ரின் என்ற வணிகப் பெயரால் அறியப்படும் அசிடால் ஈரத்தை மிகக் குறைவாகவே ஏற்கும்; அளவு மாறாமல் கடையவும் வரும். பித்தளை கடைவதற்கு மிக இணக்கமானது, ஆனால் விலை அதிகம். பல் உடையக்கூடிய இடத்துக்கும் சுமை தாங்கும் தண்டுக்கும் எஃகுதான் வேண்டும். அங்கே பிளாஸ்டிக்கை வைத்துச் சிக்கனம் செய்வது வீண்.

அளவின் நுட்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் பிசகாமல் வெட்டுவது இந்த யந்திரத்துக்குச் சாதாரணம். நூறில் ஒரு பங்குக்குள் என்றால், மெதுவாக வெட்ட வேண்டும், அடிக்கடி அளக்க வேண்டும், சில பாகங்களைத் தள்ள வேண்டும், விலை ஏறிவிடும். தலைமயிர் ஒன்றின் பருமன் நூறில் ஏழு பங்கு அளவில் இருக்கும் என்றால் இதன் நுட்பம் விளங்கும். பேரிங் உட்காரும் துளைக்கு அந்த நுட்பம் வேண்டியதே. உதாரணமாக, 6202 என்ற எண்ணுள்ள பேரிங்கின் வெளிவிட்டம் 35 மில்லிமீட்டர். அதை ஏற்கும் துளை தளர்ந்தால் பேரிங் சுழன்று வெப்பமேறும். அதே பாகத்தின் வெளிப்புறம் எவ்வாறிருந்தால் என்ன? வரைபடத்தில் எல்லா அளவுக்கும் ஒரே நுட்பத்தை எழுதிவைத்து, பின்னர் விலை அதிகம் என்று பட்டறையாரைக் குறைகூறும் வழக்கத்தைப் பல இடங்களில் காண்கிறோம். இன்னொன்று: சுழலும் வெட்டுளி உருண்டையானது. ஆகையால் குழிந்த பகுதியின் உள்மூலை கூராக வராது. சிறிது வளைவாகவே வரும். கூர்மூலை தேவையில்லாத இடத்தில் அதைக் கேட்காதிருந்தால் செலவு மிச்சம்.

விவசாய அங்கத்தினர்கள், இதுவரை கூறியது நெசவுக்குத்தானே என்று எண்ணலாம். அவர்களுக்கு இதைக் காட்டிலும் சிறந்த ஓர் உபயோகம் உண்டு. டிராக்டரின் பின் இழுத்துச் செல்லும் விதைக் கருவிகளுள், சாய்தட்டு வகையில் ஒவ்வொரு விதைப்பெட்டியிலும் ஒரு வட்டத்தட்டு சுழல்கிறது. தட்டின் விளிம்பிலுள்ள குழிகள் விதையை ஒவ்வொன்றாக எடுத்து மேலே கொணர்ந்து குழாயில் விடுகின்றன. குழி சிறிதானால் விதை ஏறாமல் இடைவெளி விழும். பெரிதானால் இரண்டு விதை ஏறி, விதைச் செலவு இரட்டிக்கும். கருவியுடன் வரும் தட்டு ஏதோ ஒரு நடுத்தர விதைக்குச் செய்யப்பட்டது. நம் ஊர் நிலக்கடலை பருத்ததாக இருந்தால் அத்தட்டு அதற்குப் பொருந்தாது. வியாபாரி நம் ஊருக்கென்று தனித் தட்டு செய்து விற்கமாட்டார், அவருக்குக் கட்டுப்படியாகாது.

இந்தத் தட்டை நைலான் அல்லது அசிடால் பலகையில் வெட்டிக்கொள்வது சி.என்.சி. யந்திரத்துக்கு மிக எளிய வேலை. நாம் கொடுக்க வேண்டியவை இரண்டு செய்திகள். ஒன்று, குழியின் அளவு. விதைக்கென்று எடுத்துவைத்த பருப்பில் நூறு விதைகளை எண்ணி எடுத்து, ஒவ்வொன்றின் நீள அகல கனங்களை வெர்னியரால் அளந்து எழுதினால், பெரிய விதை எவ்வளவு என்பது தெரியும். குழி அதைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும். இரண்டு, குழிகளின் எண்ணிக்கை. கருவியின் நிலச் சக்கரம் ஒரு சுற்றில் 150 சென்டிமீட்டர் செல்வதாகவும், சக்கரம் ஒருமுறை சுற்றத் தட்டும் ஒருமுறை சுற்றுவதாகவும் கொண்டால், விதைக்கு விதை 15 சென்டிமீட்டர் இருக்க 10 குழிகள் வேண்டும். 10 சென்டிமீட்டர் இருக்க 15 குழிகள் வேண்டும். செயின் பல்சக்கரங்களால் சுற்று மாறினால் கணக்கும் அதற்கேற்ப மாறும். முதலில் ஒரே ஒரு தட்டை வெட்டச் சொல்லி, களத்து மேட்டில் சாக்கை விரித்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, விழும் விதைகளை எண்ணிப் பார்த்த பிறகே மற்றத் தட்டுகளுக்கு உத்தரவு கொடுக்க வேண்டும். இக்காரியத்தைச் சித்திரையிலேயே முடித்துவிட வேண்டும். ஆடிப் பட்டத்துக்கு முந்தின வாரம் பட்டறைக்கு ஓடினால் நடக்காது. வேளாண் கருவிகளை வாடகைக்கு விடும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இது மிகவும் தகுந்த முயற்சி. ஒரு கருவிக்குச் செய்த தட்டு அச்சங்கத்தின் எல்லா அங்கத்தினருக்கும் பயன்படுமன்றோ?

சி.என்.சி. கூடாத இடங்களும் உண்டு. கடையில் தாராளமாகக் கிடைக்கும் பேரிங், போல்ட், பெல்ட் முதலியவற்றை எவரும் செய்விக்க வேண்டா. பம்பின் உள்ளே சுழலும் இம்பெல்லர் போன்ற வளைந்த இறகுள்ள பாகங்களைக் கட்டியிலிருந்து வெட்டியெடுப்பது பெருஞ்செலவு. அவை வார்ப்படமாகவோ அச்சில் வார்த்த பிளாஸ்டிக்காகவோ செய்யப்படுபவை. வார்த்தபின் துளையையும் முகத்தையும் கடைவதுதான் யந்திரத்தின் வேலை. ஆயிரக்கணக்கில் வேண்டிய பிளாஸ்டிக் பாகத்துக்கு அச்சு செய்து வார்ப்பதே முறை. அச்சின் விலை பெரிதாயினும், பாகத்துக்குப் பாகம் பங்கிட்டால் சில ரூபாய்தான் வரும். ஒன்றிரண்டு சாதாரண உருளைப் பாகங்களுக்கு நம் ஊர் லேத் பட்டறையின் தேர்ந்த கை போதும். அவரை விட்டு நகரத்துக்கு ஓட வேண்டியதில்லை. காப்புரிமை நடப்பிலுள்ள புதிய பாகத்தை நகலெடுத்தலும் கூடாது. இந்தியாவில் காப்புரிமைக்கு ஆயுள் 20 ஆண்டு. பழைய தறிகளின் பாகங்களுக்கு இவ்விஷயத்தில் கவலையில்லை.

தணிக்கைக்கு உதவும் சில குறிப்புகளையும் கூறி முடிப்போம். மூன்று விலைப்புள்ளி பெற்று, குறைந்ததை ஏற்பது நம் வழக்கம். ஆனால் வரைபடமின்றி, "மாதிரிப்படி புஷ், 60 உருப்படி" என்று எழுதி மூன்று பேரிடம் விலை கேட்டால், ஒருவர் நைலானுக்கும், ஒருவர் பித்தளைக்கும், ஒருவர் தம் மனத்திலுள்ள ஏதோ ஒன்றுக்கும் விலை சொல்லியிருப்பர். அவற்றை ஒப்பிடுவது அரிசி விலையையும் தவிட்டு விலையையும் ஒப்பிடுவதாகும். முதலில் வரைபடம், அதில் பொருளின் பெயர், அளவுகள், நுட்பம் வேண்டிய இடங்கள், எண்ணிக்கை ஆகியவை இருக்க வேண்டும். வரைபடத்துக்குத் தனியே சிறு தொகை செலவிடக் குழு தயங்கலாகாது. அச்செலவுக்குத் தனித் தீர்மானம் இருந்தால் தணிக்கையில் ஆட்சேபம் எழ இடமில்லை. பிறகு அதே வரைபடத்தின் நகலை மூவருக்கும் அனுப்ப வேண்டும். விலைப்புள்ளியில் முன்னேற்பாட்டுக் கட்டணம் இவ்வளவு, ஒரு பாகத்துக்கு இவ்வளவு என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பது நலம். பிரித்துக் கேட்டால்தான் மறு உத்தரவில் முன்னேற்பாட்டுக் கட்டணத்தை மீண்டும் முழுவதும் கொடுக்க நேராது.

முதல் பாகம் வந்ததும் அதைத் தறியிலோ கருவியிலோ மாட்டி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, பொருத்தம் என்று தறிக்குரிய அங்கத்தினரே கையொப்பமிட்ட பின், மீதியை வெட்டச் சொல்ல வேண்டும். சரக்கு வந்து சேரும்போது பத்துக்கு ஒன்று வீதம் எடுத்து அளந்து, அளவுகளை இருப்புப் பதிவேட்டில் எழுதி வைப்பது போதுமானது. அளக்க ஒரு வெர்னியரும் ஒரு மைக்ரோமீட்டரும் சங்கத்தில் இருக்க வேண்டும். பாகத்துக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை வரைபடத்திலும் பதிவேட்டிலும் ஒன்றாக எழுதி, வரைபடத்தின் ஒரு பிரதியைச் சங்கத்திலும் மற்றொரு பிரதியை அண்டைச் சங்கம் ஒன்றிலும் வைத்துக்கொள்ளலாம். அதே மாதிரிப் பெட்டி வைத்திருக்கும் அண்டைச் சங்கத்தார் அடுத்த உத்தரவில் தங்கள் எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ள விரும்பினால், முன்னேற்பாட்டுக் கட்டணத்தில் அவர்கள் பங்கு எவ்வளவு என்பதை எண்ணிக்கையின் விகிதப்படி இரு குழுக்களும் முன்னதாகவே எழுத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.